போணி விலைக்கு ஒரு குக்கர்

காலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலையில் புதுச்சேரி வண்டி ஏறினேன். விழுப்புரம் வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள். நான் போனது போணி பண்ண. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியின் பெரிய கடைகள் மூடியிருக்கும். அந்தக் கதவுகளுக்கு முன்னால் நடைபாதை நெடுக இன்னொரு கடைத்தெரு முளைத்துவிடும். அங்கே முதல் ஆளாகப் போய் நின்றால், அன்றைய முதல் வியாபாரத்தைத் தட்டிவிட எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. முணுமுணுத்துக்கொண்டே கேட்ட விலைக்குத் தருவார்கள். இருபது வருடமாக என் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

இந்த முறை வாங்க வேண்டியது ஒரு குக்கர். மகள் கயல்விழிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு தோழிகளோடு வீடு எடுத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். சுடுதண்ணீர் வைக்கவே பயப்படுகிற பெண். இனி அவளே பொங்கித் தின்னவேண்டும்.

"பாண்டியில எங்கம்மா, பீச்சா?" என்றார் நடத்துனர்.

"சண்டே மார்க்கெட்."

"பர்ஸு பத்திரம்மா."

"கடைக்காரனோட பர்ஸத்தான் நீங்க பத்திரமா இருக்கச் சொல்லணும்" என்றேன். திமிர்தான், வேறென்ன!

எட்டேகாலுக்குப் பேருந்து நிலைய வாசலில் பிலோமினா ஸ்கூட்டரோடு நின்றாள். என்னோடு தையல் படித்தவள், முத்தியால்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள். காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். காந்தி வீதியில் அப்போதுதான் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நைட்டி நூற்றைம்பது, மூன்று டப்பா நூறு, சட்டை ஒன்று இருநூறு என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மூடிக்கிடந்த ஒரு ஜவுளிக்கடை முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தார்ப்பாய் விரித்து குக்கர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து லிட்டர். அட்டைப்பெட்டியில் விலை ஆயிரத்து நானூற்றைம்பது என்று அச்சாகியிருந்தது.

"தொள்ளாயிரம் குடுங்க."

"ஐநூறு."

"ஏன்க்கா, போணி நேரத்துல இப்பிடிக் கேக்கலாமா?"

"போணி நேரம்ங்கறதாலதான் கேக்கறேன்."

ஏறி, இறங்கி, நான் இரண்டு தடவை நடையைக் கட்டுவதுபோல் நடித்து, எழுநூறுக்கு வந்தார். "பில்லு வேணாம், அதுக்கு அம்பது கொறச்சிக்க" என்றேன். அறுநூற்றைம்பது. நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போட்டார்.

பக்கத்தில் ஒரு பெண் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் செல்வியாம். நோணாங்குப்பத்தில் போட் அவுஸ் வாசலில் தள்ளுவண்டியில் சுண்டல் விற்கிறாளாம். பழைய குக்கரின் பிடி உடைந்துபோனதால் ஓடி வந்திருக்கிறாள்.

"எப்பிடிக்கா இவ்ளோ கொறச்சீங்க?"

"பில்லு வேணாம்னு சொல்லு. தானா எறங்குவான்."

அவளும் அப்படியே சொன்னாள். அவளுக்கும் இறங்கினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பகல் பன்னிரண்டு மணி, பிலோமினா வீடு. "இங்கியே ஒருவாட்டி வச்சிப் பாத்துடு. ஊருக்குப் போயி கோளாறுன்னா யாரக் கேப்ப?" என்றாள் அவள். அரிசியும் தண்ணீரும் போட்டு மூடி, விசில் வெயிட்டைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெயிட் அசையவில்லை. கைப்பிடி ஓரத்தில் உஸ்ஸென்று மெல்லிசாக ஒரு சத்தம். பிறகு பாத்திரம் டக், டக் என்றது.

நாங்கள் இரண்டு பேரும் எப்போது கூடத்துக்கு வந்தோம் என்று தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

"போயி அணைடி" என்றாள் பிலோமினா.

"உன் அடுப்புதான?"

"உன் குக்கருதான? யேசுவே, ஏதோ பண்ணு!"

ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து, மேடைக்கடியில் கைவிட்டு சிலிண்டரைத் திருகினேன். என் தலைக்கு ஒரு முழம் மேலே அது டக் டக்கென்றது. உள்ளங்கை வியர்த்து ரெகுலேட்டர் வழுக்கியது. அந்த நேரத்தில் எனக்கு ஓசூர் வீட்டின் சமையலறைதான் கண்ணில் வந்தது.

ஆறியபின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஆவி போகிற குழாயில் துடைப்பத்து ஈர்க்குச்சிகூட நுழையவில்லை, உள்ளே உலோகப் பிசிறு அடைத்திருந்தது. அழுத்தம் ஏறினால் காப்பாற்ற வேண்டிய சேஃப்டி வால்வு இருக்குமிடத்தில் சும்மா ஓர் ஆணியை அடித்து வைத்திருந்தார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாத்திரத்தில் பதித்ததல்ல, வெறும் ஸ்டிக்கர். ஆவியில் நனைந்து பாதி உரிந்து தொங்கியது. அடப்பாவிகளா!

ஒன்றேகாலுக்கு மறுபடி காந்தி வீதி. இப்போது கால் வைக்க இடமில்லை. குக்கரைத் தார்ப்பாய் மேல் வைத்தேன். கடைக்காரரின் முகம் மாறியது.

"போணி பண்ண பொருளத் திருப்பறீங்களே, விளங்குமா?"

"இது வெடிச்சிருந்தா நான் விளங்கியிருப்பேனா? காசைக் குடு."

"பில்லு இருக்கா?"

"நீ குடுத்தாத்தான?"

"நீங்கதான் வேணாம்னீங்க. அம்பது ரூவா எதுக்குக் கொறச்சேன்?"

கூட்டம் சேர்ந்தது. பிலோமினா என் முந்தானையை இழுத்தாள். "பில்லு இல்லாட்டியும் இப்பிடிப்பட்ட சாமான விக்கறது குத்தம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்" என்றேன்.

"போங்க. யாரு மேல போவீங்க? எம்பேரு தெரியுமா? பின்னால இருக்கிற போர்டு என்னுதா? ராத்திரி ஆனா இங்க இந்தத் தார்ப்பாய்கூட இருக்காது."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பிலோமினா வீட்டு ஈர்க்குச்சி இன்னும் என் கையில் இருந்தது. குனிந்து அவருடைய அடுக்கிலிருந்து ஒரு மூடியை எடுத்துக் குத்தினேன். நுழையவில்லை. அடுத்தது, நுழையவில்லை. மூன்றாவதில் போனது. நான்காவதில் குச்சி ஒடிந்தது. அதுவரை விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த குக்கரை மெதுவாகக் கீழே வைத்தார்.

கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூட்டையா எடுத்தேன்க்கா. உள்ள பூந்தா பாத்தேன்?" என்று சொல்லி அறுநூற்றைம்பதை எண்ணி என் கையில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"காலையிலேர்ந்து எத்தினி போச்சு?"

"ஏழு."

"யார் யாருக்கு?"

"பில்லா போட்டேன், பேரு எழுதி வைக்க?"

நக்கலாகச் சொல்லவில்லை. அவருக்கும் பயம் வந்திருந்தது. தார்ப்பாயின் மறுபாதியை இழுத்துக் குக்கர்களை மூடினார். ஏழில் ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். கடலையை ஊறப்போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்தாள்.

"நோணாங்குப்பம்" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"முந்நூறும்மா."

ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா என்னை அதிசயமாகப் பார்த்தாள். எட்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை. அரியாங்குப்பம் பாலத்தில் படகுக்குப் போகும் கார்கள் நகராமல் நின்றன.

"ஆஸ்பத்திரி கேஸாம்மா?"

"ஆகாம இருக்கணும்னுதான் போறோம். எப்படியாவது போப்பா!"

எதிர்த்திசையில் கொஞ்சம் ஏறி, திட்டு வாங்கி, கொண்டுபோய்ச் சேர்த்தார். படகுத்துறைக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே செல்வி வண்டியில் மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! நீங்க எங்க இங்க?"

"குக்கர் எங்க?"

"அடுப்புலதான் இருக்கு. என்னமோ தெரியல, இன்னும் விசிலே வரல."

வண்டிக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை. உள்ளே அவளுடைய மாமியார் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டக், டக். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். "எழுந்து வாங்கம்மா!" என்று கத்தினேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிலோமினா, கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்ற அதே பிலோமினா, பாய்ந்து போய் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சிலிண்டர் நல்லவேளை வெளியே இருந்தது. நான் அதைத் திருகினேன்.

எல்லோரும் வெயிலில் நின்றோம். "என்ன ஆச்சி, எதுக்கு அணைச்சீங்க?" என்று செல்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே டமாரென்றது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. கொதிக்கிற கடலை தகரத்தில் அடித்துச் சிதறியது. உரித்த வெங்காயத் தட்டு கவிழ்ந்து, மாமியார் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் ஆவி பறந்தது.

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வி கொட்டகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானக்கா பில்லு வேணாம்னு சொல்லச் சொன்னீங்க."

"ஆமா" என்றேன். கடைக்காரர் திருப்பிக்கொடுத்த அறுநூற்றைம்பதை அவள் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பிலோமினா மட்டும் அவளுடன் உட்கார்ந்து கடலையைப் பொறுக்கினாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் காந்தி வீதிக்குப் போய் அந்தத் தார்ப்பாயில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

மாலை ஆறு மணி வண்டியில் ஊர் திரும்பினேன். கயல்விழி போன் செய்தாள். "எவ்ளோக்கும்மா முடிச்ச?" "வாங்கலம்மா" என்றேன். "நீயா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஐந்து குக்கர்கள் எந்தெந்த வீட்டிலோ இருக்கின்றன. கூப்பிட்டுச் சொல்ல ஓர் எண் இல்லை, தட்டிச் சொல்ல ஒரு கதவு தெரியாது. விழுப்புரம் ரோட்டில் எரியும் ஒவ்வொரு வீட்டு விளக்கையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பாத்திரக்கடைக்குப் போனேன். என்னைக் கண்டாலே கடைக்காரர் பெருமூச்சு விடுவார். மூடியைத் திருப்பி ஆவிக்குழாயில் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். வால்வைப் பார்த்தேன். பாத்திரத்தில் பதித்திருந்த முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஆயிரத்து எழுநூற்று எண்பது. எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"உடம்புக்கு ஏதாவதாம்மா?"

"பில்லப் போடுங்க."

"பில்லுல பேரு, போன் நம்பர் எழுதணும். நீங்கதான் எப்பவும் தரமாட்டேன்னு சொல்லுவீங்களே?"

என் பெயரைச் சொன்னேன். எண்ணை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பிறகு, அவர் எழுதியதை ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொன்னேன்.