மந்தாரை மொட்டு

கல்வராயன் மலையிலிருந்து புளி விற்க வரும் அம்மா ஒருத்தி, காய்ந்த மந்தாரைக் காய் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "மாசியில பூக்கும். மொட்டா இருக்கச்சயே பறிச்சி சமைங்க" என்றாள். அதிலிருந்த விதைகளில் நல்லதாக நாலை வீட்டுக்குப் பின்னால் ஊன்றினேன். சொத்தை போலிருந்த ஒன்றை, பக்கத்து வீட்டில் குடியிருந்த என் ஓரகத்திக்குக் கொடுத்தேன். அவள் என் கொழுந்தனின் மனைவி.

என்னுடையதில் ஒன்றுதான் பிழைத்தது. அதுவும் வேப்பமரத்து நிழலில் வெறும் இலையாக நின்றது. அவள் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றியது நாலாம் வருஷம் மாசியில் ஊதாவாகப் பூத்துத் தள்ளியது. மொட்டுகளை வேகவைத்துப் பிழிந்து, பருப்பும் வெங்காயமும் போட்டு வதக்கிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் விரலை நக்கிக்கொண்டே, "நம்ம வூட்டு மரம் இன்னா, மலடா?" என்றார். எனக்குக் குழந்தை தங்காத வருஷங்கள் அவை. அவளுக்கு இரண்டு. அந்தக் கிண்ணத்தைக் கழுவாமலே திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். தியாகதுருகம் ரோட்டில் பஸ் ஓடவில்லை. குறுக்கே போட மரம் தேடிக் கோடாலியோடு ஊர் ஆட்கள் வந்தார்கள். ஓரகத்தி கழனிக்குப் போயிருந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் மரம் எதுனா இருக்கா?"

"பக்கத்து வூட்டு பின்னால ஒண்ணு கீது" என்றேன்.

வெட்டிச் சாய்த்தார்கள். போகிற போக்கில் என் வேப்பமரத்துக் கிளைகளையும் கழித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் திரும்பிவந்த ஓரகத்தி அடிமரத்தின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே போகவில்லை.

வேம்பின் நிழல் போனதும், அடுத்த மாசியில் என் மந்தாரை முதன்முதலாகப் பூத்தது. கூப்பிடாமலே அவள் முறத்தோடு வந்தாள். "முதல் தண்ணிய வடிச்சிடுங்கக்கா, இல்லன்னா துவர்க்கும்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு மாசியும் வந்தாள்.

பல வருஷம் கழித்து, ஒருநாள் மொட்டு ஆய்ந்துகொண்டிருந்தபோது, அடக்க முடியாமல், அவள் மரத்தைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. வெட்டினவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா எங்கூட வந்து பறிச்ச?"

"எம் மரம் போயிடுச்சி. ஆனா மொட்டு திங்க ஆசையா இருந்துச்சி. வேற எங்க போறது?"

அவள் சிரித்துவிட்டு அடுத்த மொட்டை எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தவள்தான் நான். ஆனால் நான் தூக்கம் வராமல் புரண்ட இத்தனை வருஷமும் அவள் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் என்று நினைத்ததும், மறுபடியும் வயிறு எரிந்தது.