மீதி எட்டுச் சீட்டு

போடி ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர வார்டில் ஆயாவாகச் சேருமுன், வேலுத்தாய் பன்னிரண்டு வருஷம் ஏலக்காய் பொறுக்கியவள். நல்ல காயை மட்டும் சாக்கின் மேலே பரப்பி ஏய்க்கிற ஆட்களை முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும்.

1983இல் வந்த புது டாக்டர், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை மயக்கத்தில் கிடந்தவர்களின் நாக்குக்கடியில் விட்டார். மருந்துப் பெட்டியில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. எச்சில் ஒழுகுவது நிற்குமாம். அப்படி எச்சில் நின்ற மூன்று பேரின் சிகிச்சைச் சீட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் காட்டப் புறப்பட்டார்.

"பதினோரு பேருக்கு விட்டீகளே அய்யா, மத்த எட்டு?" என்றாள் வேலுத்தாய்.

"அவங்களுக்கு மருந்து கேக்கலை. அது எதுக்கு? பையை எடுத்துக் கொண்டா, பஸ்சுக்கு நேரமாச்சு."

கொண்டுவந்து கொடுத்தாள்.

கூட்டத்தில் பெரிய டாக்டர் ஒருவர், "மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாராம். "மூணே பேருக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இவர் பைக்குள் கைவிட்டு உருவ, பதினோரு சீட்டும் மேஜைமேல் விழுந்தன.

திரும்பி வந்ததும் அவளைக் கூப்பிட்டு முறைத்தார். "அந்த எட்டையும் எதுக்கு உள்ள வச்ச?"

வேலுத்தாய் கூட்டுவதை நிறுத்தவில்லை. "சாக்குக்குள்ள கையை விட்டு அடிக்காயை அள்ளிப் பாக்காம எவன் அய்யா வெலை சொல்லுவான்?"