செத்த லேப்டாப்பிடம் டேப் மாமா பேசியது

என் மாமனாருக்குச் சொந்தபந்தம் முழுக்க டேப் மாமா என்றுதான் பெயர். காரணப் பெயர். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு, அதுவும் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவார், விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுப்பார். ஊர் விழித்திருக்கும்போது தூங்க வேண்டிய மனிதருக்கு வெளிச்சம்தானே முதல் எதிரி? ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, சாவி துவாரம் என்று ஒன்றுவிடாமல் கறுப்பு டேப் ஒட்டியே ஒரு ஆயுளைத் தூங்கியிருக்கிறார்.

சரி, ஓய்வு பெற்றாயிற்று. இனி எல்லோரையும் போல ராத்திரியில் தூங்கலாம், டேப்பை விட்டுவிடலாம். விடுவாரா? டிவியில் எரியும் சிவப்புப் புள்ளி, ஃபிரிட்ஜில் பச்சைப் புள்ளி, சுவிட்ச் போர்டில் இருக்கும் குட்டி விளக்கு, எல்லாவற்றின் மேலும் நகக்கண் அளவுக்கு டேப். "கண்ணை உறுத்துதும்மா" என்பார். எங்கள் வீட்டில் எந்த மெஷின் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பழகிவிட்டது.

என் லேப்டாப் மட்டும் தப்புமா? ஓரத்தில் இருந்த பவர் விளக்குக்கு ஒரு டேப், கேமரா பக்கத்தில் இருந்த புள்ளிக்கு ஒரு டேப். அதோடு விட்டாரா என்றால் இல்லை. நான் எழுந்து போகும் நேரம் பார்த்து, "பாவம், கொதிக்குது, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று பவர் பட்டனை ஒரு அழுத்து அழுத்திவிடுவார். சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கடைசியில் நான் செட்டிங்கில் போய், அந்த பட்டனைத் தட்டினால் ஒன்றுமே ஆகாதபடி மாற்றி வைத்தேன். மனிதர் ஆசை தீர அழுத்திக்கொள்ளட்டும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் மறந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். மறைக்க ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த ஆபீசை மூடியபின் ஏறி இறங்கிய இன்டர்வியூ எல்லாவற்றிலும் ஒரே பதில்தான் வந்தது: "எல்லாம் நல்லாருக்கு, கொஞ்சம் பொறுமைதான் போதாது." வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் பொறுமை இன்னும் குறைந்துகொண்டுதான் போனது. அப்போதுதான் இந்த வேலை வந்தது. வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனி. மெஷின் ஓடவில்லை என்று போன் செய்பவர்களிடம் வீட்டிலிருந்தே பேசிச் சரி செய்ய வேண்டும். முதல் சுற்றைத் தாண்டிவிட்டேன். அன்று காலை கடைசிச் சுற்று. இதுவும் போனால் இனி எங்குமே விண்ணப்பிப்பதில்லை என்று என் புருஷனிடம் சொல்லியிருந்தேன். அவர் "நல்லபடியா முடியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பூப்போட்ட பழைய பைஜாமா. இடுப்புக்குக் கீழே எவன் பார்க்கப் போகிறான்? லேப்டாப்பில் மீட்டிங்கைத் திறந்து, கேமராவும் மைக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். "காத்திருங்கள், அழைப்போம்" என்று வந்தது. தலையை இன்னொரு தடவை சீவலாம் என்று கண்ணாடிப் பக்கம் போனேன். அவ்வளவுதான். திரும்பி வந்தால் திரை கறுப்பு. பக்கத்தில் பனியனோடு டேப் மாமா, கையில் துடைக்கிற துணி.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நல்ல காரியத்துக்கு உட்காரப் போற, பட்டனெல்லாம் ஒரே தூசி. மேல் வரிசையை மட்டும் லேசா தொடச்சேன். படக்குனு உயிரை விட்டுடுச்சு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. பவர் பட்டனைத் தட்டினேன். மூச்சு பேச்சு இல்லை. மறுபடி தட்டினேன். ஊஹூம். சார்ஜரைப் பிடுங்கிச் செருகினேன். மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் வேறு பிளக்கில் மாட்டினேன். எழுந்திருக்கும்போது மண்டை மேஜையில் நங்கென்று இடித்தது. "இன்னிக்குப் பார்த்துத்தான் சாகணுமா சனியனே, நாளைக்குச் செத்தா ஆகாதா?" என்று லேப்டாப்பைத் திட்டினேன். என் அத்தை, அதாவது மாமியார், சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தூங்கறவனை எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கறவனை எழுப்ப முடியுமா? அது நடிக்குதான்னு பாரு!"

"அத்தை, நீங்க மிக்ஸியைப் பாருங்க!"

டேப் மாமா கீபோர்டில் காதை வைத்துக் கேட்டார். "உள்ள லேசா மூச்சு விடற மாதிரி இருக்கும்மா."

"பொணம் எங்கேயாவது மூச்சு விடுமா மாமா? நீங்க தள்ளுங்க மொதல்ல!"

ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அறைக்குள் சிக்னல் வந்து வந்து போகும், தெளிவாகப் பேச பால்கனிக்குத்தான் போக வேண்டும். போனால், அந்த மனிதர் நிதானத்தின் மறுபிறவி. முதலில் வணக்கம் என்றார். பிறகு யாரோ வாடிக்கையாளர் வந்துவிட்டார், லைனிலேயே இருங்க என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "பவர் லைட் எரியுதா பாருங்க" என்றார்.

"எரியலைங்க. எங்க வீட்டுல லைட்டே எரியாதுங்க."

"லைட் எரியலைன்னா உள்ள கரண்டே போகலைன்னு அர்த்தம். போர்டு போயிருக்கலாம். எதுக்கும் பவர் பட்டனை விடாம அழுத்திப் பிடிங்க, முப்பது எண்ணுற வரைக்கும். அதுக்கும் எந்திரிக்கலைன்னா கொண்டு வாங்க, அறுத்துப் பார்த்துடலாம்."

அறைக்கு ஓடி வந்தேன். டேப் மாமா என் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்தபடி என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பட்டன் மேல் விரலை வைத்து அழுத்தப் போனேன். கையில் இருந்த போன் அடித்தது.

"அதை அழுத்திடாதீங்க!" என்றது ஒரு பெண் குரல்.

"யாருங்க நீங்க?"

"இன்டர்வியூ எடுக்கறவங்க. நாங்க உள்ளதான் இருக்கோம்."

"எங்க உள்ள?"

"உங்க லேப்டாப்புக்குள்ள. அப்பவே உங்களை உள்ள எடுத்துட்டோம். நீங்க பண்றது தெரியுது, பேசறது எல்லாம் கேக்குது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம், உங்களுக்குக் கேக்கல. போன் பண்ணினா பிஸி. திரை வெளிச்சம் குறைஞ்சிருக்கும், கூட்டிப் பாருங்க. சவுண்டையும்."

வெளிச்சம் கூட்டும் பட்டன் மேல் வரிசையில் இருந்தது. மாமா துடைத்த அதே வரிசை. அழுத்த அழுத்தத் திரை மெல்ல விடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். செட்டிங்கில் நானே சாகடித்து வைத்த பவர் பட்டன், சனியன், பொணம், பைஜாமா, மேஜைக்கு அடியில் நான் தவழ்ந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன. பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. டேப் மாமா மட்டும் "நான் அப்பவே சொன்னேன்ல, மூச்சு விடுதுன்னு" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நடுவில் இருந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களைப் பத்தி விசாரிக்க ரெண்டு பேர் நம்பர் கேக்கலாம்னு இருந்தோம். இனி வேண்டாம். நீங்க வெளியே போனப்போ ஒருத்தர் எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டார்."

"யாரு?"

"உங்க மாமனார். எங்ககிட்ட இல்ல, லேப்டாப்கிட்ட."

மாமா நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த அம்மாள், மாமா சொன்னதை அப்படியே சொன்னார்.

"'எந்திரிடா கண்ணு. துணியைப் போட்டு அழுத்தினது நான், கோபம்னா என்னைக் கடி, அவளை விட்டுடு. அவ கத்துவா, ஆமா. எனக்கு இடுப்பு போய்க் கிடந்தப்போ, தினம் என்னைத் திட்டித் திட்டியே எழுப்பி நடக்க வெச்சா. என் பெத்த புள்ளை பாவம்னு விட்டுட்டான், இவ விடல. அவ திட்டாத நாள்லதான் எனக்குப் பயமா இருக்கும், அன்னிக்கு அவளுக்கு மனசு சரியில்லைன்னு அர்த்தம். இப்ப கொஞ்ச நாளா சரியாத் திட்டறதே இல்ல. எந்திரி, அவளுக்கு இந்த வேலை கிடைக்கட்டும்.' இவ்வளவும் சொன்னார்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். நான் அழுதேன். இன்டர்வியூவில், கேமரா முன்னால், இஸ்திரி போட்ட சட்டையின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெஷின் ஆன் ஆகலைன்னு ஒருத்தர் போன் பண்றார். முதல்ல என்ன கேப்பீங்க?"

"லைட் எரியுதான்னு கேப்பேன். எரியலைன்னா, அது மேல யாராவது டேப் ஒட்டியிருக்காங்களான்னு கேப்பேன்."

வேலை கிடைத்துவிட்டது. சேர வேண்டிய நாளன்று சட்டையும் பைஜாமாவுமாக மேஜை முன்னால் உட்கார்ந்தேன். லேப்டாப்பின் பவர் விளக்கில் இருந்த பழைய டேப்பை நான் இன்டர்வியூ முடிந்த அன்றே உரித்துப் போட்டிருந்தேன். இப்போது அங்கே புத்தம் புதிதாக இன்னொன்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாமா!"

வந்தார். "கிட்டப் போய்ப் பாரும்மா."

பார்த்தேன். டேப்பின் நடுவில் ஊசியால் ஒரு துளை. அதன் வழியாகக் கடுகளவு வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

"உயிர் இருக்குன்னு தெரியணும்ல. அந்த அளவுக்கு விட்டிருக்கேன்" என்றார்.

பிடித்துக்கொண்டேன் பாருங்கள். தொட்டதுக்கெல்லாம் டேப்பா, ஊசி உள்ளே போயிருந்தால் என்ன ஆவது, இனி இந்த மேஜைப் பக்கம் துணியோடு வந்தால் உங்கள் வாய்க்கே ஒட்டிவிடுவேன் என்று மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தேன். கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டார். பிறகு நிம்மதியாகப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.