யாராவது வந்து உட்காருங்கள்

உத்தமபாளையத்தில் வீடு பிடித்தபோது எல்லோரும் என்னிடம் ஒரே பாட்டைப் பாடினார்கள்: இடம் மாறினால் அவள் தேறிவிடுவாள். அவள் என்றால் என் மனைவி. பிறந்த நான்காம் நாள் எங்கள் குழந்தை இறந்துபோயிருந்தது. திருநெல்வேலி வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவளைத் தின்கிறது என்று நானும் நம்பி, இங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டு வந்தேன். சாமான்களை இறக்கிய அன்றே அவள் பின்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பாத்திரங்கள் பல வாரம் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன.

தேனியில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு என்னை மட்டும் தனியே அழைத்தார். "தனியா மட்டும் விட்றாதீங்க" என்றார். சொல்வதற்கு என்ன! அவளுடைய அம்மா படுத்த படுக்கை. என் அம்மா உயிரோடு இல்லை. எடுத்த விடுப்பெல்லாம் தீர்ந்து, திங்கள்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் வாடகையும் மாத்திரையும் எங்கிருந்து வரும்? வேலைக்குப் போனால் இவள் தன்னை என்ன செய்துகொள்வாளோ?

ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால் சபையார்தான். உரக்கடைக்கு மேலே மாடியில் கூடும் சின்னச் சபை. எண்ணினால் பத்துப் பன்னிரண்டு குடும்பம் தேறும். பாட்டுப் பாட மூச்சை இழுத்தால் உர நெடி வரும். டீச்சராக இருக்கும் வீட்டுக்கார அம்மா ஞாயிறு காலை மட்டும் மனைவியைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் நான் ஓடிப் போய்வருவேன். முதல் வாரமே கைதட்டி வரவேற்றார்கள். மனைவிக்கு முடியவில்லை என்றேன். "ஜெபிக்கிறோம் தம்பி" என்றார்கள். ஒவ்வொரு வாரமும் "ஜெபிக்கிறோம் தம்பி". ஜெபித்தும் இருப்பார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. முடியாதவளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். விடுப்பு முடிந்த அந்த ஞாயிறன்று ஒருவர் எழுந்து, தோட்டத்து மோட்டார் கருகாமல் தப்பியதற்கு ஸ்தோத்திரம் என்றார். இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, கூட்டமான கம்பம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் என்றார். சபையே அல்லேலூயா சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துத் தரக் கர்த்தருக்கு நேரம் இருக்கிறது!

எழுந்தேன். "எனக்குச் சாட்சி ஒண்ணும் இல்ல" என்றேன்.

பாஸ்டர் கனிவாகத் தலையாட்டினார். "கர்த்தர் பாத்துக்குவாரு தம்பி. நாங்க ஜெபிக்கிறோம்ல."

"ஜெபிச்சது போதும்யா! பகல்ல என் வீட்டுல ஒரு ஆள் உட்காரணும். அவ ஏதும் பண்ணிக்கிடுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும். கர்த்தர் வந்து உட்காருவாரா?"

யாரோ அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினேன். இருந்த ஒரே ஆதரவையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை, வேலை போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. இட்லிக் கடை அக்கா நின்றார். இடுப்பில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம்.

"ஜெபம் பண்ண வந்தீங்களா?"

"இல்ல தம்பி, வெங்காயம் உரிக்க வந்தேன். கடையில உக்காந்து உரிக்கிறத இங்கன உக்காந்து உரிக்கிறேன். நாளைக்குப் பாஸ்டரம்மா வருவாக. நீங்க கெளம்புங்க. ஒரு கத்தி மட்டும் எடுத்துக் குடுங்க."

நான் பக்கத்தில் கிடந்த ஆபீஸ் பையை எடுத்து அணைத்துக்கொண்டேன். வீட்டில் இருந்த ஒரே கத்தியை அதற்குள்தான் ஒளித்து வைத்திருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அணைத்துப் பிடித்திருந்த பையைப் பார்த்தார்.

"நகம் இருக்குல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு, பின்னறை வாசலுக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

அன்று அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்தபோது அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். "வாயே தொறக்கல தம்பி. நாந்தான் பேசிக்கிட்டே கெடந்தேன்" என்றார்.

பின்னறைக்குப் போனேன். மனைவி சுவரை விட்டு இந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அந்த அக்கா நகத்தாலயே உரிச்சாவ. வெரலெல்லாம் கன்னிப்போச்சு. நம்ம கத்தி எங்க?"

பல வாரங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. சந்தோஷப்பட வேண்டியவன், கத்தி என்ற சொல்லை மட்டும்தான் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்காகத்தான் கேட்கிறாள் என்று மனசு சொன்னது. ஆனாலும் என் கை தோளில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பயமா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். குழந்தை போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.