தூத்துக்குடி: நாற்பத்தைந்து நிமிடம்

ராட்டர்டாமில் எங்கள் தெருவுக்கு வரும் கூரியர்காரர் அழைப்பு மணியை ஒரே ஒரு தடவைதான் அடிப்பார். இரண்டாம் தடவை என்ற பேச்சே கிடையாது. நான் இருப்பது மூன்றாம் மாடி. ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து அதற்குப் படிக்கட்டு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதில் இறங்கிக் கதவைத் திறப்பதற்குள் ஆள் போய்விட்டால், அந்தப் பார்சல் எந்தக் கடையில் கிடக்கிறது என்று இரண்டு நாள் தேடி அலைய வேண்டும். பக்கத்து வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அவர்களுடையதையும் வாங்கி வைத்துக் கொடுப்பது இங்கே மரியாதை. அதனால் மணி அடித்ததும் எழுந்து ஓடுவது எனக்குப் பதினாறு வருடப் பழக்கம். சோற்றில் கை வைத்திருந்தாலும் ஓடுவேன். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் என் கூடப்பிறந்த அக்கா என்னோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்ததற்கு இந்த ஓட்டம்தான் காரணம்.

அக்கா தங்கக்கனிக்கு ஒரே மகள், பவித்ரா. அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், நான் கேட்கவே இல்லை. துறைமுக அலுவலகத்தில் கப்பல்களுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. அந்த மாதம் புது மென்பொருள் வந்திருந்தது, நான் இல்லாவிட்டால் கப்பலெல்லாம் நடுக்கடலில் நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு. வீடியோ அழைப்பில் வந்துவிடுகிறேன் என்றேன். "சரி, அப்படியாவது இரு" என்றாள் அக்கா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். அந்த இடத்தில் வேறு ஆள் நின்றால் பெண்ணின் அம்மாவுக்குப் பிறந்த வீடே இல்லை என்று அர்த்தம். அத்தான் மண்டபத்துப் பெரிய திரையில் என் முகம் தெரிய ஏற்பாடு செய்திருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் பவித்ராவை நிறுத்தி, என் பேரில் அக்காவே மாலையைப் போடுவதாகப் பேச்சு. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு என் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம், இங்கே நடுப்பகல். மேளம் கேட்டது. "தாய்மாமன் எங்கப்பா" என்று யாரோ ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அந்த நொடியில் கீழே மணி அடித்தது. யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன். யோசிக்கவில்லை, ஓடினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எங்கள் சித்தப்பா மகன் பவித்ராவுக்கு மாலை போட்டு முடித்திருந்தான். மண்டபம் முழுக்க ஊர்ச் சனம் பார்த்தது என் காலி நாற்காலியையும், பின்னால் இருந்த குளிர்சாதனப் பெட்டியையும்தான். அதை அத்தான் பிற்பாடு சொன்னார். பார்சல் எனக்கு வந்ததுகூட இல்லை. இரண்டாம் மாடி அம்மாளுக்கு வந்த மழைக்காலணி.

அன்றிலிருந்து அக்கா என் போனை எடுக்கவில்லை. பவித்ராவுக்குக் குழந்தை பிறந்ததை அத்தான் வாட்ஸ்அப்பில் வைத்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அத்தானைக் கூப்பிட்டால், "நல்லா இருக்கா மாப்ள, வேலையா இருக்கா" என்பார். இரண்டு வருடமாக எப்போது கூப்பிட்டாலும் அக்கா வேலையாகவே இருந்தாள்.

இந்த வருடம் அலுவலக வேலையாகச் சென்னை வந்தேன். கடைசியில் இரண்டு நாள் மிச்சம் இருந்தது, திரும்பும் விமானம் திருவனந்தபுரத்தில் இருந்து. இணையத்தில் தேடியபோது, மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனிக்கார், வழியில் நான்கு இடங்களில் இறங்கிப் பார்க்கலாம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பாஞ்சாலங்குறிச்சி அரை மணி. தூத்துக்குடி நாற்பத்தைந்து நிமிடம். திருச்செந்தூர் ஒரு மணி. மணப்பாடு அரை மணி. நான் பிறந்து வளர்ந்த ஊருக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. ராட்டர்டாமில் யார் வீட்டுக்குப் போனாலும் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். அக்கா கதவைத் திறக்காவிட்டாலும் தெருவில் நிற்க வேண்டாம், கார் காத்திருக்கும், அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். யாரிடமும் சொல்லாமல் பதிவு செய்தேன். முதல் தடவை நான் ஊர் திரும்பியபோது மதுரை விமான நிலையத்துக்கு அக்கா வேன் பிடித்து ஒன்பது பேரைக் கூட்டி வந்திருந்தாள். என்னை உட்கார வைக்க இடமில்லாமல் அத்தான் பஸ்ஸில் திரும்பினார்.

ஓட்டுநர் பெயர் சுடலைமுத்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். மதுரையில் என் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு "வெல்கம் சார்" என்றார். நான் தமிழில் பதில் சொன்னதும் ஆச்சரியப்பட்டார்.

"தமிழ் நல்லா பேசுதியளே சார். மலேசியாவா?"

"ஹாலந்து" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் அதோடு என்னை வெளிநாட்டுக்காரன் கணக்கில் சேர்த்துவிட்டார், நானும் திருத்தவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். தூத்துக்குடி நெருங்கியதும் வண்டியை மெதுவாக்கி வெளியே கை காட்டினார்.

"இதெல்லாம் உப்பளம் சார். கடத்தண்ணியப் பாத்தி கட்டி வெயில்ல காயப் போட்டா உப்பாயிரும்."

என் அப்பா முப்பது வருடம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வரப்புகளில் நடந்த கால் இது. "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன்.

மாதா கோயில் முன்னால் இறக்கிவிட்டு, "பதினொன்னே காலுக்குக் கெளம்பணும் சார்" என்றார். படம் எடுத்தாயிற்று. எதிர்ப்பக்கம் பேக்கரியில் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் உறைத்தது, தூத்துக்குடிக்காரி வீட்டுக்குத் தூத்துக்குடி மக்ரூன் வாங்கிக்கொண்டு போகும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெயிலில் நின்றேன். தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று பயம், ஒரு முகம்கூடத் தெரிந்ததாக இல்லையே என்று இன்னொரு பயம். பத்து நிமிடம் இப்படியே போனது. காருக்குத் திரும்பி, ஒரு தெருப்பெயரைச் சொல்லி அங்கே போகச் சொன்னேன்.

"அங்கன பாக்குததுக்கு ஒண்ணும் கெடையாதே சார்."

"என் அக்கா வீடு இருக்கு."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை சார் என்று கூப்பிடவில்லை. நான் கேட்காமலே வழியில் நிறுத்தி, பூவும் பழமும் வாங்க வைத்தார். வெறும் பெட்டியோடு போகாதீர்கள் என்றார்.

அக்கா கதவைத் திறந்தாள். நரை கூடியிருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக, காரருகே நின்ற சுடலைமுத்துவைப் பார்த்தாள்.

"வாங்க தம்பி, ஏன் வெயில்ல நிக்கிய. கூட வந்தவுகளையும் உள்ள வரச் சொல்லுங்க."

எங்கள் வீட்டில் சண்டை இப்படித்தான் நடக்கும். அப்பாவும் அம்மாவும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஆறு மாதம் எங்கள் மூலமாகப் பேசியிருக்கிறார்கள். சுடலைமுத்துவுக்கும் அது புதிதில்லை போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். சுவரில் பவித்ராவின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. சித்தப்பா மகன் மாலையோடு நிற்கிறான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"காப்பிக்குச் சீனி போடலாமான்னு கேளுங்க தம்பி."

"போடலாம்" என்றேன், சுடலைமுத்துவைப் பார்த்து.

"முன்ன ரெண்டு கரண்டி. இப்ப அங்க எப்படியோ."

காப்பி வந்தது. அக்கா எங்களுக்கு எதிரே நின்றபடியே இருந்தாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன், அந்த ஒரு சொல்லை விமானத்தில், விடுதியில், காரில் எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒரு ஓட்டுநர் வழியாக அதை எப்படிச் சொல்வது? அப்போதுதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ராட்டர்டாமில் யார் வீட்டில் உட்கார்ந்தாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை செய்வது, கை தானாகத் திரும்பியது. அக்கா பார்த்துவிட்டாள்.

"நேரமாச்சுன்னா கெளம்பச் சொல்லுங்க தம்பி."

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். இன்னொரு தடவை மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடியது போலத்தான் இது, இந்தத் தடவை அவள் கண்ணெதிரே. எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சுடலைமுத்துதான் பேசினார்.

"நேரம் நம்ம கையிலதான் இருக்கு அக்கா. அடுத்தாப்ல திருச்செந்தூர். அங்க கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் ஆபீஸ்ல ஒண்ணும் கேக்க மாட்டாக."

"திருச்செந்தூரா?" என்றாள் அக்கா. உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சேலை மாற்றி, கைப்பையோடு வெளியே வந்தாள். நான் வாங்கிப்போன பூவில் ஒரு முழம் தலையில் இருந்தது. "நானும் கோயில் வரைக்கும் வாரேன் தம்பி. போயி ரொம்ப நாளாச்சு. பஸ்ல திரும்பிருவேன்." வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் பின் இருக்கையில் ஏறி, எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

பழையகாயல் தாண்டினோம். சுடலைமுத்து பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். "இந்தக் கடக்கரையிலதான் அந்தக் காலத்துல முத்துக் குளிச்சாங்க, சிப்பியெல்லாம் கரையில குவிச்சுப் போட்டு…"

"அதெல்லாம் அவனுக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

அவனுக்கு. அதுவரை நான் கூட வந்தவுகளாக இருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்திருப்பாள். முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியில் தண்ணீர் ஓடுவதைக் காட்டச் சொன்னாள். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் குறைந்துவிட்டதைச் சொல்லச் சொன்னாள். எல்லாவற்றையும் சுடலைமுத்துவிடம்தான் சொன்னாள், எல்லாம் எனக்குத்தான். நான் பிறந்த மண்ணை எனக்கு ஒருத்தி சுற்றிக் காட்டுகிறாள் என்பதில் வெட்கம் இருந்தது. ஆனால் அவள் நிறுத்திவிடக் கூடாதே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, மண்டபத்து நிழலில் ஒரு குடும்பம் பிள்ளைக்குக் காது குத்திக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம். தாய்மாமன் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து, இரண்டு கையையும் பிடித்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளையைவிட மாமனுக்குத்தான் அதிகம் வியர்த்தது. பிள்ளை வீறிட்டது, மாமன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தான். அக்கா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து காரை எடுக்கப் போயிருந்தார். எங்களுக்கு நடுவில் ஆள் இல்லை.

"பவித்ரா பிள்ளைக்குத் தை மாசம் இங்கனதான் குத்தணும்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு அண்ணன் தம்பி கெடையாது. பிள்ளையை மடியில வைக்க நீதான் உக்காரணும். ஏலே, கேக்குதா?"

"கேக்குதுக்கா. வாரேன்."

"மடியப் போன்ல அனுப்ப முடியாது, பாத்துக்கோ."

பஸ் நிலையத்தில் தூத்துக்குடி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அக்கா ஏறி, வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து நான் தெரிய மாட்டேன். பஸ் வடக்கே திரும்பியது, எங்கள் கார் மணப்பாட்டுக்குத் தெற்கே திரும்பியது. தை மாதம் என்றால் ஜனவரி, ராட்டர்டாமுக்கு எந்தக் கப்பல்கள் வரும், யாரிடம் விடுப்புக் கேட்க வேண்டும், மறுத்தால் என்ன செய்வது என்று அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், கடவுச்சீட்டு இருக்கும் தோள்பையை இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். மடி காலியாக இருக்கட்டும் என்று அதை எடுத்து, அக்கா உட்கார்ந்து வந்த இடத்தில் வைத்தேன்.