ரெண்டு தட்டு விமானமும் ரெண்டு தட்டு வீடும்

பக்கத்து வீட்டுச் சஞ்சீவனியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே, அவள் மேல் அன்பு வருவதற்கு முன்னால் அவள் வீட்டார் மேல் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. குண்டசாலையில் எங்கள் குறுக்கு ரோட்டில் முதலில் ரெண்டு தட்டாக எழும்பிய வீடு அவர்களுடையது. கீழே மாபிள் தரை. மேலே பாதியில் நிற்கும் இரண்டு அறைகள், ரோஸ் நிற டைல் பதித்த ஒரு பாத்ரூம்; வீட்டில் டொய்லட் இருப்பதும் அதில் மட்டும்தான். எல்லாம் சஞ்சீவனி வளைகுடாவில் விமானம் கழுவிச் சம்பாதித்தது. அவள் அண்ணன் மோகனராஜ் கண்டி டவுனில் போன் கவர் விற்கிறான். அந்த வருமானத்தில் ஒரு கோழிக்கூடு கட்டலாம்.

அப்பா அம்மா போன பிறகு, இருபத்துநாலு வயதில் புறப்பட்டுப் போனவள். உலகத்திலேயே பெரிய அந்த ரெண்டு தட்டுப் பயணிகள் விமானம் வந்து நின்றதும் துடைப்பமும் பையுமாக உள்ளே ஓடும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஐந்நூறு பேர் தின்று, தூங்கி, வாந்தியெடுத்து இறங்கிய இடத்தை, அடுத்த ஐந்நூறு பேர் ஏறுவதற்குள் புதிதாக்க வேண்டும்.

லீவில் வந்தால் என் குசினியில் உட்கார்ந்துதான் மனதைக் கொட்டுவாள்.

"கீழ்த்தட்டுல பிள்ளையோட பேம்பர்ஸச் சுருட்டி சீட் பொக்கட்டுல செருகி வச்சிருப்பாங்க புஷ்பம் அக்கா. மேல்தட்டுல பணக்காரங்க, குளிக்க ஷவரே இருக்கு. அவங்களாவது சுத்தமா இருப்பாங்கனு நெனச்சேன். குளிக்கிற எடத்துலயே..."

அத்தோடு பிளேன்டீயைத் தள்ளி வைத்துவிடுவாள். ஒரு தடவை பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"சில டொய்லட் அடைச்சுக்கிட்டா ஒண்ணும் பண்ண ஏலாது. பூட்டி, கதவுல இத ஒட்டிருவோம். அடுத்து ஏறுறவங்க எறங்குற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வேலையைப் பற்றிப் பேசி அவள் சிரித்தது அன்று மட்டும்தான்.

கொரோனா வந்தது. அந்தப் பெரிய விமானங்களைப் பாலைவனத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு எஞ்சினும் எண்ணெயைக் குடிக்கின்றன, புதிதாகச் செய்வதையே கம்பனி நிறுத்திவிட்டது, அவற்றின் காலம் முடிந்தது என்று டீவியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மோகனராஜ் தலையில் கை வைத்தான். சஞ்சீவனி கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

"இனி அந்த நாத்தத்துக்குப் போக மாட்டேன் அக்கா" என்றாள்.

ஆனால் நாற்றம் அவளை விடவில்லை. அண்ணி தர்ஷனா அந்த ரோஸ் டைல் பாத்ரூமை அவள் தலையில் கட்டினாள். "ஒனக்குப் பழக்கந்தானே சஞ்சி" என்று ஒரு சொல், அவ்வளவுதான். அண்ணனும் அண்ணியும் போய்விட்டு வந்தால் தண்ணீர்கூட ஒழுங்காக ஊற்றுவதில்லை. பிரஷ் எடுக்க இவள் இருக்கிறாளே!

அப்போதுதான் கெலிஓயாவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தினுஷன், ஹார்ட்வெயார் கடையில் வேலை. போட்டோவைப் பார்த்ததுமே சஞ்சீவனிக்குப் பிடித்துவிட்டது. தனக்கென்று ஒரு வீடு, தான் பூட்டித் திறக்க ஒரு கதவு. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன வேலைனு உள்ளதச் சொல்லிட்டீங்கதானே அண்ணே?" என்று கேட்டாள்.

"சொல்லாம?" என்றான் மோகனராஜ்.

பெண் பார்க்க வந்தவர்களைப் பகட்டுக்காக மேலே ஏற்றி உட்கார வைத்தான். மிக்ஸர் தட்டோடு நானும் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, ஜாதகத்தோடு வந்த போட்டோவை வெளியில் எடுத்தார். விமானத்துக்குள் இருக்கும் மாடிப்படியில் சஞ்சீவனி நிற்கும் படம். எனக்கு நன்றாகத் தெரிந்த படம்தான். அவள் கையிலிருந்த குப்பைப் பையை மட்டும் காணவில்லை. மோகனராஜ் ஸ்டூடியோவில் கொடுத்து அதை வெட்டி எடுத்திருக்கிறான்.

"ஏர் ஹோஸ்டஸ்னு சொன்னாங்க. அந்தப் பெரிய பிளேன்லாம் இனி பறக்காதாமே, அப்ப ஒங்க வேலைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

சஞ்சீவனி அண்ணனைப் பார்த்தாள். அவன் சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஏர் ஹோஸ்டஸ் இல்லீங்க. அவங்க எறங்கினப்புறம் ஏறுறவ. டொய்லட் கழுவுவேன், வாந்தி தொடைப்பேன்."

அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. கேசரியைத் தட்டில் வைத்துவிட்டு கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"இதையும் இந்தப் பொண்ணுதான் கிண்டுச்சா?"

தினுஷன் அவளை ஒரு தரம் பார்த்தான், பிறகு அம்மாவுக்குப் பின்னால் எழுந்துவிட்டான். போகிற போக்கில் அந்த அம்மா ரோஸ் டைல் பாத்ரூமுக்குள் போய்விட்டுத்தான் படியிறங்கினார். தண்ணீர் ஊற்றவில்லை. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சஞ்சீவனிதான் பிரஷோடு உள்ளே போனாள்.

"வாய மூடிக்கிட்டு இருந்தா முடிஞ்சிருக்கும்! மானத்த வாங்கிட்டா" என்று மோகனராஜ் கத்தியது ரோட்டுக்கே கேட்டது.

அடுத்த வாரம் போன் வந்தது. அவளோடு வேலை செய்த கட்டுகஸ்தோட்டை ஸஹ்ரா.

"சஞ்சி, பெரிய பிளேன்கள திரும்ப எடுக்கிறாங்க. ஓடர் பண்ணின புதுப் பிளேன்கள் சொன்ன நேரத்துக்கு வந்து சேரல்லயாம், சனம் நெரியுது. இன்னும் கன காலம் ஓட்டுவாங்களாம். பழைய ஆக்களக் கேக்குறாங்க, வாறியா?"

மானம் போனது என்று கத்தியவன் முகத்தில் நூறு வாட் பல்ப் எரிந்தது. "போய்ட்டு வா தங்கச்சி. மேல் வீட்டுக்கு சீலிங் மட்டுந்தான் பாக்கி" என்றான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவனுக்குக் கேட்கும்படியே தூவென்று துப்பினேன்.

அவள் போகச் சம்மதித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"புத்தி கெட்டுப் போச்சாடி ஒனக்கு?"

"அங்க கழுவினா சம்பளம் தருவாங்க அக்கா. இந்தத் தடவ எனக்கு மட்டுந்தான். திரும்பி வந்தா இங்க வர மாட்டேன்" என்றாள். அண்ணனிடம் அதை அவள் சொல்லவில்லை.

புறப்படும் நாளில் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து, வழியனுப்பச் சொந்தக்காரர்கள் எல்லாம் உடுத்திக்கொண்டு நின்றார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்தாயிற்று. தர்ஷனா மட்டும் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"சஞ்சி, போறதுக்கு முந்தி மேல பாத்ரூம ஒருக்காப் பாத்துரு. நாங்க திரும்பி வந்து குளிக்கணும்."

சஞ்சீவனி மேலே போனாள். உடனே இறங்கியும் வந்தாள். கை நனைந்திருக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தபோது என் உள்ளங்கையில் ஒரு சாவியை அழுத்தினாள்.

"யார் கேட்டாலும் குடுக்காதீங்க அக்கா."

ராத்திரி வேன் திரும்பியது. விடிந்ததும் விடியாததுமாக மோகனராஜ் சாரத்தை அடிவயிற்றோடு பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றான்.

"அக்கா, மேல பாத்ரூம் பூட்டிக் கெடக்கு. கதவுல செவப்பா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருக்கா. சாவிய ஒங்ககிட்ட ஏதும் குடுத்தாளா?"

சாவி என் மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் இருந்தது.

"அவ எறங்குற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.