தாழ்ப்பாளுக்கு ஒரு தேசியக் கொள்கை

அலுவலகத்தில் அவளுக்குச் 'சுருக்கம் மேடம்' என்று பெயர். இளைஞர்கள் கூடிப் பேசுவதையெல்லாம் கேட்டு, அரைப் பக்கத்துக்குள் அடக்கி, மேலே அனுப்புவது அவள் வேலை. அழுதுகொண்டே பேசினால் 'கவலை தெரிவித்தனர்'. மேசையைத் தட்டிப் பேசினால் 'ஆர்வத்துடன் பங்கேற்றனர்'. வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் 'ஒருமனதாக வரவேற்றனர்'. இது எல்லாருக்கும் கைவராது.

அவளும் ஒரு காலத்தில் பேச வந்தவள்தான். கல்லூரி முடித்த வருஷம், தேசிய இளைஞர் கொள்கைக்கான கூட்டத்தில் அவள் பேசிய பேச்சில் ஓர் அதிகாரி உருகிப்போய், "இந்த மாதிரிப் பிள்ளைங்க உள்ளே வரணும்" என்றார். வந்தாள். வந்த பிறகு வாய்க்கு வேலை இல்லை, கைக்குத்தான் இருந்தது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். அக்கா மகள்தான் அவளுக்கு உயிர். அந்தப் பெண் நர்சிங் படிக்க வெளியூர் விடுதியில் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு வந்தவள், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். பல் தேய்க்க வெளியே காத்திருந்த சித்திக்குச் சிரிப்பு.

"என்னடி, உள்ள ரிப்பேர் வேலை நடக்குதா?"

"எங்க ஹாஸ்டல்ல தாழ்ப்பாளே இல்ல சித்தி. ஒருத்தி குளிச்சா ஒருத்தி வெளிய காவல். என் ஃப்ரெண்டு எனக்கு நிப்பா, நான் அவளுக்கு நிப்பேன். பிளம்பர், எலக்ட்ரீஷியன்னு யாராவது நடமாடிட்டே இருப்பாங்க."

"வார்டன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னோமே. 'பெரிய அழகிங்க, உங்கள எட்டிப் பாக்க வரிசைல நிக்கிறாங்களாக்கும்'னாங்க."

வேறு சித்தியாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே இரும்புக் கடைக்குப் போயிருப்பாள். இவள் சுருக்கம் மேடம் ஆயிற்றே. புதிய கொள்கைக்கான கூட்டம் அடுத்த மாதம் இருந்தது. கண் மின்னியது.

"நீ வந்து பேசுடி. நாட்டுல இருக்கிற எல்லா ஹாஸ்டலுக்கும் சேத்தே வழி பிறக்கட்டும்."

"எங்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போதும் சித்தி."

"சின்னதா நினைக்காதடி."

பெண் வந்தாள், பேசினாள். காவல் நிற்பதைச் சொன்னாள். காவலுக்கு ஆள் கிடைக்காத நாளில் குளிக்காமலே வார்டுக்கு ஓடுவதைச் சொன்னாள். அரங்கம் முழுக்கக் கைதட்டல். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புகைப்படக்காரர் அவளை இன்னொரு தரம் மைக்கைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்.

அன்றைக்குச் சுருக்கம் மேடம் சுருக்கவில்லை. 'விடுதிக் குளியலறைகளுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்' என்றே எழுதி அனுப்பினாள். இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தேசியக் கொள்கையில தாழ்ப்பாள்னு போட்டா, நாளைக்கு வாளி, மக்குன்னு வரிசையா வரும்மா. கொஞ்சம் உயர்த்துங்க."

உயர்த்தினாள். 'குளியலறைப் பாதுகாப்பு' ஆயிற்று. அடுத்த மேசையில் அது 'விடுதிச் சூழல்' ஆனது. நிபுணர் குழுவுக்குச் சூழலும் போதவில்லை. கடைசியில் 'மாண்புமிக்க வாழ்வெளி' என்று வந்து நின்றது. ஒவ்வொரு திருத்தத்தையும் தன் கையாலேயே போட்டாள். உள்ளதைச் சொன்னால், கடைசிச் சொற்றொடர் அவளுக்கே பிடித்திருந்தது.

பிடித்ததுதான் அன்றிரவு உறுத்தியது. விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு, நாலு திருகாணியோடு ஒரு ஸ்டீல் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு விடுதிக்குப் பஸ் ஏறினாள். வார்டன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மேடம், புதுக் கொள்கை வரப்போகுது, அதுவரைக்கும் விடுதியில ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு. கொள்கை போடுற இடத்துலேர்ந்து வர்ற நீங்களே இப்படிச் செய்யலாமா?"

அந்தச் சுற்றறிக்கை அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். எழுதியதே அவள்தான்.

வாசல்வரை வழியனுப்ப வந்த வார்டன், "கூட்டத்துல பேசினது உங்க அக்கா பொண்ணாமே? நல்லாப் பேசிச்சாம்," என்றார். குரலில் சர்க்கரை கொட்டிக் கிடந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள்.

மாதம் முடிவதற்குள் பெண் பெட்டியோடும் வாளியோடும் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கூட்டத்துல பேசினதுக்கு ஒழுங்கு நடவடிக்கைன்னு எழுதட்டுமா, நீயாப் போறியான்னு வார்டன் கேட்டாங்க சித்தி. நானே வந்துட்டேன்."

அக்கா தங்கைக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் அன்றிலிருந்து கூடியது. பெண் இப்போது ஒரு கடையில் செல்போன் உறை விற்கிறாள். 'திரும்பப் படிக்கிறியா' என்று சித்தி கேட்டால், "பாக்கலாம்" என்கிறாள்.

கொள்கை அச்சாகி வந்தது. வழவழப்பான அட்டை. அட்டையில் அக்கா மகள், கையில் மைக்கோடு, வாய் திறந்தபடி. உள்ளே முன்னும் பின்னும் புரட்டியும் தாழ்ப்பாள் இல்லை.

இயக்குநருக்கு ஏக மகிழ்ச்சி. "வெளியீட்டு விழாவுக்கு அந்தப் பொண்ணையே கூப்பிட்டுடுங்க."

"படிப்பை விட்டுட்டா சார்."

"அடடா." உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "அப்போ அதே ஹாஸ்டல்லேர்ந்து வேற ஒரு பொண்ணு. கொஞ்சம் சிரிச்ச முகமாப் பாருங்க."

அந்த விடுதியில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெண்தான். அக்கா மகளுக்குக் காவல் நின்றவள். போன் போட்டாள்.

"அவ எப்படி இருக்காக்கா?"

"இருக்காம்மா. நீ?"

"எனக்கு இப்ப நிக்க ஆளில்லக்கா. பாடிக்கிட்டே குளிக்கிறேன், உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்னு. என் குரலைக் கேட்டா எவனும் பக்கத்துல வரமாட்டான்."

சிரித்தாள். சிரிக்கத் தெரிந்த பெண்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"மேடையில தாழ்ப்பாள் பத்திப் பேசினா என்னையும் அனுப்பிடுவாங்களே?"

"தாழ்ப்பாள்னு சொல்லவே வேண்டாம்மா. 'மாண்புமிக்க வாழ்வெளி தந்ததற்கு நன்றி'ன்னு சொன்னாப் போதும்."

"அப்படின்னா என்னக்கா?"

பேனாவுக்காகத் திறந்த மேசை இழுப்பறையில் ஸ்டீல் தாழ்ப்பாள் கிடந்தது, உறை பிரியாமல், நாலு திருகாணியோடு. இழுப்பறையை மூடினாள்.

"பேப்பர் இருக்கா? நிதானமாச் சொல்றேன், எழுதிக்கோ," என்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.